மோட்டார் எரிகிறதா? முதலில் ஒயரைப் பாருங்கள்!

“எங்கள் போர்வெல், வீட்டு மீட்டரிலிருந்து 150 மீட்டர் தள்ளி தென்னந்தோப்பின் ஓரத்தில் இருக்கிறது. வீட்டுக்கும் மாட்டுத் தொழுவத்துக்கும் அதிலிருந்துதான் தண்ணீர். 1.5 ஹெச்.பி. சிங்கிள் ஃபேஸ் சப்மெர்சிபிள் மோட்டார். ஒன்றரை வருடத்தில் இரண்டு முறை காயில் கட்டிவிட்டோம். ஒயர்மேன் வந்து பார்த்து, ‘வோல்டேஜ் 225 இருக்கிறது, குறை மோட்டாரில்தான், புதுசு வாங்குங்கள்’ என்கிறார். வாங்கத்தான் வேண்டுமா?”

- திண்டுக்கல் மாவட்ட வாசகர் ஒருவர்.

இந்த வாசகர் கேள்வியோடு சில அளவுகளையும் எழுதி அனுப்பியிருக்கிறார். பதில் அந்த அளவுகளிலேயே இருக்கிறது. மோட்டார் ஓடாதபோது வீட்டிலும் 225 வோல்ட், போர் அருகில் உள்ள பேனல் பெட்டியிலும் 225 வோல்ட். மோட்டார் ஓடும்போது வீட்டில் 215, பேனலில் 185. கிளாம்ப் மீட்டரில் கரன்ட் 12 ஆம்பியர். மோட்டாரின் பெயர்த்தகட்டில் இருப்பதோ 10 ஆம்பியர்.

ஒயர்மேன் அளந்தது மோட்டார் நின்றிருந்த நேரத்தில். அப்போது எந்த ஒயரும் நல்ல ஒயராகத்தான் தெரியும். கரன்ட் ஓடினால்தான் ஒயர் வோல்டேஜைத் தின்னும். அதனால் ஓடும்போது இரண்டு முனையிலும் அளக்க வேண்டும்.

வீட்டுக்கும் பேனலுக்கும் நடுவே காணாமல் போவது 30 வோல்ட். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் மின்தடை, அதாவது ஓம் கிடைக்கும். 1827-ல் ஜெர்மனியின் பள்ளி ஆசிரியர் ஓம் எழுதிவைத்த அதே கணக்குதான். 30-ஐ 12-ஆல் வகுத்தால் 2.5 ஓம். வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட். 30 × 12 = 360 வாட். இவ்வளவும் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இறைக்காமல் ஒயரைச் சூடாக்குவதற்கே போகிறது. தினமும் 4 மணி நேரம் ஓட்டினால் மாதத்துக்கு 43 யூனிட்.

வாசகர் போட்டிருப்பது 2.5 ஸ்கொயர் எம்.எம். செம்பு ஒயர். அதன் தடை கிலோமீட்டருக்குச் சுமார் 7.4 ஓம். தூரம் 150 மீட்டர் என்றாலும் கரன்ட் போய்த் திரும்ப வேண்டும், அதனால் 300 மீட்டராகக் கணக்கிட வேண்டும். பலரும் தவறவிடுவது இந்த இடத்தில்தான். 300 மீட்டருக்கு 2.2 ஓம் வரும். ஆனால் கணக்கில் வந்தது 2.5. மிச்சம் 0.3 ஓம் எங்கே?

கடிதத்தின் கடைசியில் வாசகர் போகிறபோக்கில் ஒரு விஷயம் எழுதியிருக்கிறார். பாதி வழியில் ஒரு தென்னை மரத்தில் ஜாயின்ட் இருக்கிறதாம், அதில் சுற்றிய டேப் இளகிப் போயிருக்கிறதாம். சந்தேகம் அங்கேதான். 12 × 12 × 0.3 = 43 வாட். சோல்டரிங் அயர்ன் ஒன்றை மரத்தில் கட்டிவைத்து ஓட்டுவதற்குச் சமம். மட்டை காய்ந்து கிடக்கும் தோப்பில் இதை ஒரு நாள்கூட விட்டுவைக்கக் கூடாது.

மோட்டார் லோடில் இந்தக் கழித்தல் கணக்கு கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். சந்தேகம் தீர, மோட்டாரை நிறுத்திவிட்டு, பேனலில் உள்ள பிளக்கில் 1,000 வாட் இஸ்திரிப்பெட்டியைச் சொருகி, இரண்டு முனையிலும் ஒயர்மேனை அளக்கச் சொல்லலாம். அது சுமார் 4 ஆம்பியர் எடுக்கும். இழப்பு 10 வோல்ட்டை நெருங்கினால் 2.5 ஓம் உறுதி.

இனி, மோட்டார் ஏன் எரிகிறது? அதே தண்ணீரை அதே உயரத்துக்கு ஏற்ற வேண்டும், வோல்டேஜோ குறைவு. அதனால் மோட்டார் கரன்ட்டை அதிகம் இழுக்கிறது. 10 ஆம்பியர் 12 ஆனால் காயிலின் சூடு 20 சதவிகிதம் கூடுவதில்லை, 44 சதவிகிதம் கூடுகிறது. ஏனென்றால் சூடு கரன்ட்டின் வர்க்கத்தில் ஏறும். ஸ்டார்ட் ஆகும் நேரத்தில் இன்னும் மோசம். அப்போது கரன்ட் பல மடங்கு ஏறுவதால் வோல்டேஜும் அதற்கேற்பப் படுத்துவிடும். மோட்டார் ‘ம்ம்ம்’ என்று உறுமிக்கொண்டே நிற்பது அதனால்தான்.

ஸ்டெபிலைசர் வாங்கலாமா என்றும் கேட்டிருக்கிறார். பேனல் பக்கம் வைத்தால் மோட்டாருக்கு வோல்டேஜ் ஏறும். ஆனால் அது ஒயரில் இன்னும் அதிக கரன்ட்டை இழுக்கும், ஜாயின்ட் இன்னும் காயும். அந்தப் பணத்தை ஒயரில் போடுவதே சரி. 6 ஸ்கொயர் செம்பு ஒயருக்குக் கிலோமீட்டருக்கு 3.1 ஓம். 300 மீட்டருக்கு 0.93 ஓம். 12 ஆம்பியரிலும் இழப்பு 11 வோல்ட்தான். மோட்டாருக்கு 200 வோல்ட்டுக்கு மேல் போய்ச் சேரும். விலை குறைவு என்று அலுமினிய ஒயரை எடுத்தால், அதே கனத்தில் தடை செம்பைப்போல 1.6 மடங்கு.

புது ஒயர் வரும்வரை, மெயினை அணைத்து ஃபியூஸைப் பிடுங்கிய பிறகு, அந்த ஜாயின்ட்டை வெட்டி, சுரண்டி, லக் வைத்து இறுக்கச் சொல்லுங்கள். முறுக்கி டேப் சுற்றுவது வேண்டாம்.

இன்னொன்று. 185-ஐ 12-ஆல் வகுத்து ‘மோட்டாரின் தடை 15 ஓம்’ என்று எழுதி, மல்டிமீட்டரில் சில ஓம்தான் காட்டுகிறது, காயில் ஷார்ட்டா என்று கேட்டிருக்கிறார். இல்லை. ஓடும் மோட்டார் தானே ஓர் எதிர் வோல்டேஜை உண்டாக்கும். அதனால் ஒயருக்கும் ஹீட்டருக்கும் பொருந்தும் வகுத்தல், ஓடும் மோட்டாருக்குப் பொருந்தாது.

“மூன்று ஃபேஸ் மோட்டாருக்கு வாட் கணக்கு எப்படி?”

- ஈரோடு மாவட்ட வாசகர்.

இரண்டு ஃபேஸ்களுக்கு இடையிலான வோல்ட் × ஆம்பியர் × 1.732 × பவர் ஃபேக்டர். 5 ஹெச்.பி. மோட்டார் 400 வோல்ட்டில் 8 ஆம்பியர் எடுத்து, பவர் ஃபேக்டர் 0.8 என்றால் சுமார் 4,430 வாட். மணிக்கு கிட்டத்தட்ட நாலரை யூனிட். மூன்று ஃபேஸிலும் ஆம்பியரைத் தனித்தனியாக அளந்து பாருங்கள். ஒன்று மட்டும் வெகுவாக விலகி நின்றால், கணக்கை விட்டுவிட்டு ஃபியூஸையும் ஸ்டார்ட்டர் கான்டாக்ட்டையும் பாருங்கள்.