அம்மாவின் பதிவேடும் அரசின் செயலியும்

பொதுச் சுகாதாரச் செயலிகளை நீண்டகாலம் நிலைக்கவைப்பது எப்படி என்று ஒரு கருத்தரங்கில் நாள் முழுக்கப் பேசினார்கள். சர்வர், நிதி, பராமரிப்பு எல்லாம் வந்தன. வெயிலில் அலைந்து குழந்தையின் எடையை அந்தச் செயலிக்குள் போடும் பெண் மட்டும் வரவில்லை. என் அம்மா அங்கன்வாடிப் பணியாளர். நான் நடுநிலையோடு எழுதவில்லை.

போஷன் அபியான் 2018இல் தொடங்கியபோது ஐசிடிஎஸ்-காஸ் என்ற செயலி இந்தப் பெண்களிடம் தரப்பட்டது. 2021 மார்ச்சில் அதன் இடத்துக்கு போஷன் டிராக்கர் வந்தது. முதல் செயலியில் பதிவான கைக்குழந்தை பள்ளிக்கூட வாசலை மிதிப்பதற்குள் செயலியே போய்விட்டது. அதே ஆண்டு மகாராஷ்டிரத்தில் அங்கன்வாடிப் பெண்கள் அரசு கொடுத்த போன்களைத் திருப்பிக் கொடுத்தார்கள். போனில் நினைவகம் போதவில்லை, ரிப்பேர் செலவு தலையில் விழுந்தது, புதிய செயலியோ ஆங்கிலத்தில் இருந்தது. இதைப் போய்த் தொழில்நுட்பப் பயம் என்கிறார்கள். ஓடாத கிரைண்டரைக் கடையில் திருப்பிக் கொடுத்தால் அதற்குப் பெயர் பயமா?

இத்தனை வேலைக்கும் கிடைப்பது சம்பளமல்ல, மதிப்பூதியம். மத்திய அரசு 2018 அக்டோபரில் நிர்ணயித்த தொகை மாதம் 4,500 ரூபாய். மாநிலங்கள் தம் பங்கைச் சேர்க்கும். செயலியைப் பயன்படுத்தினால் ஊக்கத்தொகை 500 என்றார்கள். பணிக்கொடைக்கு உரிமை உண்டு என்று சொல்லவைக்க 2022இல் உச்ச நீதிமன்றம்வரை போகவேண்டியிருந்தது. சேவை என்று பெயர் வைத்துவிட்டால் பெண்ணின் நேரத்துக்குக் கணக்கு வேண்டியதில்லை, வீட்டில் பழகியதுதானே!

2025 ஜூலை முதல், வீட்டுக்குக் கொண்டுபோகும் சத்துணவுப் பொருளுக்கு முகத்தைப் படம்பிடித்துச் சரிபார்ப்பது கட்டாயம். முகம் பொருந்தாவிட்டால், வாசலில் நிற்கும் கர்ப்பிணிக்குப் பதில் சொல்லவேண்டியவள் தில்லியில் இல்லை.

அம்மா இன்றும் நோட்டிலும் எழுதிவைக்கிறாள். போன வருடம் முதல் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த ஒரு பெண், தான் பிறந்தபோது எத்தனை கிலோ என்று கேட்டாள். அம்மா பரணிலிருந்து பழைய பதிவேட்டை இறக்கிப் பார்த்துச் சொன்னாள்: இரண்டு கிலோ நூறு கிராம். செயலி மாறினாலும் பழைய பதிவு முழுதும் அந்தந்த மையத்தின் கையில் தாய்மொழியில் இருக்கவேண்டும். அதைப் பதிவேற்றும் மணிநேரத்துக்குக் கூலி வேண்டும்.

கருத்தரங்கில் எழுந்து இதைத்தான் கேட்டேன். அது ஊதியப் பிரச்சினை, இந்த அமர்வின் பொருளல்ல என்றார் தலைவர். தேநீர் இடைவேளை விட்டார்கள்.