பக்கத்து வயலைப் பார்த்து யூரியா வீசலாமா?

பெரியாறு பாசனத்தில் மேலூர்ப் பகுதியின் ஒருபோகச் சாகுபடி நிலம் மட்டும் 85,563 ஏக்கர். கால்வாயில் தண்ணீர் வந்து நடவு முடிந்ததும் யூரியாவுக்கு அலைச்சல் தொடங்கிவிடும். பக்கத்து வயல் கருகருவென்று நிற்கிறது, நம் வயல் வெளிறித் தெரிகிறது என்றால் உடனே இன்னொரு மூட்டை. பயிருக்கு உண்மையில் பசிக்கிறதா என்று பயிரையே கேட்பவர்கள் குறைவு.

கேட்டால் சொல்லும். யூரியா தரும் தழைச்சத்து குறைந்த நெல்லில் முதலில் மஞ்சளாவது அடியிலைதான். வேர் தருவது போதாதபோது, மூத்த இலையின் புரதத்தை உடைத்து, அமினோ அமிலங்களாக்கி, குருத்துக்கு அனுப்புகிறது பயிர். இரும்புச்சத்துக் குறைவு என்றால் இதற்கு நேர்மாறாகக் குருத்து வெளுக்கும். அதற்கும் யூரியாவை வீசிவிட்டு, பச்சை திரும்பவில்லையே என்று கவலைப்படுகிறவர்கள் உண்டு.

கதிர் வந்தபின் இந்த இடமாற்றம் மும்முரமாகிறது. நெல் இலையிலுள்ள தழைச்சத்தில் சுமார் கால் பங்கு, ஒளிச்சேர்க்கையை நடத்தும் ரூபிஸ்கோ என்ற ஒரே புரதத்தில் இருக்கிறது. மணி பால் பிடிக்கும்போது அந்தப் புரதமும் கரையத் தொடங்கி, கடைசியில் கண்ணாடி இலைவரை வெறுமையாகிறது. நெல்மணியில் சேரும் தழைச்சத்தில் பெரும்பகுதி இப்படி இலையும் தாளும் விட்டுக்கொடுத்ததே. கோதுமையில் இதற்குச் சான்று உண்டு. இலை முதிர்வதை விரைவுபடுத்தி மணியில் புரதத்தைக் கூட்டும் மரபணு ஒன்றைக் காட்டுக் கோதுமையில் கண்டறிந்து, அமெரிக்காவின் கலிபோர்னியாவைச் சேர்ந்த ஜார்ஜ் டுப்கோவ்ஸ்கி குழுவினர் 2006-இல் வெளியிட்டார்கள். ஆகவே அறுப்புக்கு முன் வயல் பழுப்பதைக் கண்டு பதற வேண்டியதில்லை. அப்போது யூரியா வீசுவது வீண் செலவு.

வீண் செலவோடு போனால் பரவாயில்லை. தழைச்சத்து மிஞ்சிய பயிரின் இலைகள் அமோனியாவைக் காற்றில் கசியவிடுகின்றன. வெட்ஸ்லார், ஃபார்குவார் என்ற ஆய்வாளர்கள் 1980-லேயே இதை விரிவாக எழுதியிருக்கிறார்கள். வயலில் தேங்கிய தண்ணீரிலிருந்து ஆவியாகிப் போவது அதைவிடப் பெரிய நட்டம். உச்சிவெயிலில் பாசி பெருகிய தண்ணீரில் காரத்தன்மை ஏறி, வீசிய யூரியா அமோனியாவாகப் பறந்துவிடும். நெல்லுக்கு இடும் தழைச்சத்தில் பயிர் எடுத்துக்கொள்வது பொதுவாக 30 முதல் 40 சதவீதம்தான். மிஞ்சிய பச்சைக்குப் புகையானும் குலைநோயும் விருந்தாளிகள். வெள்ளைப் பொன்னி ரகமாக இருந்தால் ஒரு மழைக்கே சாய்ந்து படுத்துவிடும்.

இதற்குத் தீர்வு இல்லாமல் இல்லை. பச்சையின் பல சாயல்களை வரிசையாக அச்சிட்ட இலை வண்ண அட்டையைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பல ஆண்டுகளாகப் பரிந்துரைக்கிறது. நட்ட 14-ஆம் நாளிலிருந்து வாரம் ஒருமுறை வயலில் இறங்கி, முழுதாக விரிந்த மேல் இலைகள் பத்தை, நம் உடம்பின் நிழலில் அட்டையோடு ஒப்பிட வேண்டும். பாதிக்கு மேற்பட்ட இலைகள் வரம்பு எண்ணிலோ அதற்குக் கீழோ இருந்தால் மட்டும் மேலுரம். வெள்ளைப் பொன்னிக்கு வரம்பு 3, மற்ற ரகங்களுக்கு 4. கால்மணி நேரம்கூட ஆகாது.

அப்படியும் அட்டை ஏன் வயலுக்கு வரவில்லை? யூரியா மலிவு என்பது முதல் காரணம். 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு. சாம்பல் சத்தும் மணிச்சத்தும் அந்த விலைக்கு வராது. கையில் காசு குறைந்தவர் எதை வாங்குவார்? இரண்டாவது காரணம், அட்டையை வயலில் பிடித்துக் காட்ட ஆள் இல்லாதது. அறிவுரைக் கூட்டத்தில் மேடையிலிருந்து அட்டையைத் தூக்கிக் காட்டினால் யாருக்கும் பழகாது. ஒத்தக்கடையில், மேலூர் போகும் சாலையிலேயே வேளாண்மைக் கல்லூரி இருக்கிறது. அங்கு படிக்கும் பிள்ளைகள் ஒரு பருவம் இந்த ஒருபோக வயல்களில் இறங்கினால் போதும்.

உர மானியத்துக்குக் கோடிகளைச் செலவிடும் அரசு, கூட்டுறவுச் சங்கத்தில் முதல் மூட்டை வாங்குகிறவர் கையில் ஓர் அட்டையையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அடுத்த ஒருபோகத் தண்ணீர் திறப்பதற்குள் இதைச் செய்யலாம். அதுவரை, வெள்ளைப் பொன்னி நட்டவர்கள் எங்காவது ஓர் அட்டையைத் தேடிப்பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்; இலைப் பச்சை 3-ஐத் தாண்டியிருந்தால் மூட்டையைப் பிரிக்காதீர்கள்.