இடுப்பை வளைக்காதே, முழங்காலை மடக்கு!

குத்துச்சண்டை கற்கச் சேரும் பையனுக்குப் பல கூடங்களில் மாதக் கணக்கில் சொல்லித் தரப்படுவது ஒன்றே ஒன்றுதான்: முகத்தைக் குறி வை! உடலில் எப்போது குத்துவது என்று கேட்டால், "கீழே போனால் அடி வாங்குவாய், அதெல்லாம் அப்புறம்" என்று வாயை அடைத்து விடுவார்கள். அந்த 'அப்புறம்' பலருக்கு வருவதே இல்லை.

இந்தப் பதிலில் பாதிதான் உண்மை. குனிந்தால் அடி விழும். ஆனால் உடலில் குத்தக் குனியத்தான் வேண்டும் என்று யார் சொன்னது? இடுப்பை முன்னால் வளைத்தால் கண் தரையைப் பார்க்கும். கீழிருந்து வரும் அப்பர்கட்டுக்கு முகத்தைத் தட்டில் வைத்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். தலையோடு தலை மோதுவதும் இப்படித்தான். மடங்க வேண்டியது முழங்கால். நாற்காலியில் உட்காரப் போகிறவனைப் போல முதுகு நிமிர்ந்து உடம்பு மொத்தமும் இறங்கினால், தோள் தாழ்ந்து எதிராளியின் விலாவை நெருங்கிவிடும். கண்ணும் அவனை விட்டு விலகாது.

அடுத்தது குத்தாத கை. ஒரு கை இறங்கினால் மற்றதும் துணைக்குப் போகப் பார்க்கும், அது மனித சுபாவம்! அது கன்னத்தை ஒட்டியே இருக்க வேண்டும். வெறுமனே கீழே பாய்வதும் ஆபத்து. முதலில் முகத்துக்கு ஒரு ஜாப் போட்டால்தான் எதிராளி கையைத் தூக்குவான், முழங்கை உயரும், விலாவின் கீழே வழி திறக்கும். இல்லையென்றால் முஷ்டி போய் முழங்கை எலும்பில் விழும், உடைவது குத்தியவன் கைதான். ஈரலைக் குறிவைக்கும் இடது ஹூக் என்றால் இடது காலைச் சற்று வெளியே வைத்து, தலையை நடுக்கோட்டிலிருந்து விலக்கிக் கொள்ள வேண்டும். குத்தியதும் அங்கேயே நின்று ரசிக்கக் கூடாது.

இவ்வளவுதான் விஷயம். இதைச் சொல்லித் தர ஏன் தயக்கம்?

பழி ஒரு பெட்டி மேல் விழ வேண்டும். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் கம்ப்யூட்டர் முறையில் புள்ளி போட ஆரம்பித்தார்கள். ஐந்து நடுவரில் மூவர் ஒரே நொடிக்குள் பொத்தானை அழுத்தினால்தான் புள்ளி. முகத்தில் விழும் குத்து எல்லோருக்கும் தெரியும். நெருங்கி நின்று விலாவில் இறக்கியதை வீரனின் முதுகே மறைத்துவிடும். புள்ளி வராத குத்தை எவன் குத்துவான்? 2013-இல் அந்த முறையைக் கைவிட்டார்கள். பெட்டி போய்விட்டது, அதன் காலத்தில் வளர்ந்தவர்கள் பயிற்சியாளர்களாகி அதே பாடத்தை நடத்துகிறார்கள்!

உடல் குத்து இரண்டாந்தரம் என்பவர்கள் சரித்திரத்தையாவது பார்க்கட்டும். 1897-இல் கார்சன் சிட்டியில் ஃபிட்ஸிமன்ஸ் ஆறாவது சுற்றில் கீழே விழுந்தவர். பதினான்காவது சுற்றில் கார்பெட்டின் நெஞ்சுக்குழியில் இறக்கிய ஒரே குத்தில் உலக ஹெவிவெயிட் பட்டம் கை மாறியது. 2007-இல் லாஸ் வேகாஸில் ரிக்கி ஹாட்டனின் இடது ஹூக் விலாவுக்குக் கீழே விழுந்ததும் காஸ்டியோ போன்ற இரும்பு மனிதரே நான்காவது சுற்றில் எண்ணி முடிக்கும்வரை எழவில்லை. மூளை கலங்கியதால் அல்ல, உடம்பு மறுத்ததால்.

தலையிலேயே அடிபட்டுக் கொண்டிருப்பவர்களின் மூளைக்கு என்ன நேர்கிறது என்று மார்ட்லண்ட் 1928-லேயே எழுதிவிட்டார். பயிற்சியில் தலையைத் தொடாமல் உடலில் மட்டும், அதுவும் பாதி பலத்தில், ஸ்பாரிங் செய்தால் அந்தக் கணக்கில் எத்தனையோ அடி மிச்சமாகும். ஈரலில் விழுந்த குத்து ஒரு கணம் கழித்துத்தான் ஆளைச் சாய்க்கும் என்பதால், 'ஒன்றும் ஆகவில்லையே' என்று அடுத்ததை ஓங்கக் கூடாது. பெல்ட்டுக்குக் கீழே, முதுகுப் பக்கம் சிறுநீரகத்தில் குத்துவது எப்போதும் தவறு.

செலவா? தோள் உயரத்தில் ஒரு கயிற்றைக் கட்டி, இடுப்பை வளைக்காமல் அதன் கீழே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வரச் சொன்னால் போதும். முதல் வாரமே செய்யலாம். கயிறு இல்லாத கூடம் எங்கே இருக்கிறது?