படம் எப்படி இருந்தது?

கொல்கத்தாவின் தென்பகுதியில், ரவீந்திர சரோவர் ஏரிக்குத் தெற்கே அமைந்த குடியிருப்புப் பகுதி லேக் கார்டன்ஸ். கலைகளுக்கு இவ்வளவு அண்மையில் வாழும் வாய்ப்பு எல்லாப் பகுதிகளுக்கும் கிட்டுவதன்று. வங்கத் திரைப்படங்கள் உருவாகும் டாலிகஞ்ச் படப்பிடிப்புத் தளங்கள் அருகிலேயே இருக்கின்றன. அவ்விடத்தை ஒட்டி 'டாலிவுட்' என்னும் பெயர் 1932-ஆம் ஆண்டிலேயே தோன்றிவிட்டது. 'பாலிவுட்' என்னும் சொல் அதற்குப் பல ஆண்டுகள் இளையது. ஏரிப் பூங்காவில் நஸ்ருல் மஞ்ச் அரங்கம் உள்ளது. சனவரி மாதக் குளிரில் அங்கே டோவர் லேன் இசை மாநாடு நடைபெறும்போது இரவு முழுவதும் கச்சேரி தொடரும். விடியும் வரை அமர்ந்து கேட்போரும் உண்டு.

இத்தகைய ஊரில் வளரும் தமிழ்ப் பிள்ளையிடம், ஞாயிற்றுக்கிழமை பார்த்த தமிழ்ப் படத்தைப் பற்றித் திங்கட்கிழமை வகுப்புத் தோழன் கேட்கிறான்: 'கேமோன் லாக்லோ?' எப்படி இருந்தது என்பது அதன் பொருள். பெரும்பாலும் ஒரே சொல்லில் விடை கிடைக்கும்: 'சூப்பர்.' சில வேளைகளில், 'போர்.' இரண்டும் கருத்துகள் அல்ல. கைதட்டலும் கொட்டாவியும் எப்படியோ, அப்படித்தான் இவையும். தோழன் அடுத்து 'ஏன்?' என்று கேட்டால் பேச்சு நின்றுவிடுகிறது.

பேச்சு நின்றுபோவதற்குக் காரணம் அறிவுக் குறைவு அன்று. புலம்பெயர்ந்த குடும்பத்துப் பிள்ளைக்கு, தமிழ்ப் படம் வெறும் படமாக இருப்பதில்லை. அது தன் வீட்டைப் போன்றது. பிறர் அதைக் குறை சொன்னால் நெஞ்சு துணுக்குறுகிறது. கதாநாயகன் ஒரே அடியில் இருபது பேரை வீழ்த்தும் காட்சியைக் கண்டு வங்கத் தோழன் சிரித்தால், அதே காட்சியை முந்தைய நாள் தானும் கேலி செய்த பிள்ளை உடனே வழக்கறிஞனாக மாறி வாதாடத் தொடங்குகிறான். வேறு சிலர் எதிர்வழியில் செல்கின்றனர். தமிழ்ப் படம் பார்த்ததையே தோழர்களிடம் மறைத்துவிடுகின்றனர். முன்னவர் எல்லாவற்றையும் புகழ்கின்றனர். பின்னவர் எல்லாவற்றையும் ஒளிக்கின்றனர். இருவருமே படத்தைப் பார்க்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

இதற்கிடையே சென்னையிலிருந்து மாமா தொலைபேசியில் தம் தீர்ப்பை வழங்கிவிடுகிறார். கைப்பேசித் திரையோ எத்தனை விண்மீன்கள், எத்தனை கோடி வசூல் என்று அறிவிக்கிறது. வசூல் என்பது வணிகச் செய்தி. அரிசி எவ்வளவு விற்றது என்று அறிந்தவர், சோறு வெந்ததா என்பதை அறிந்தவர் ஆகார்.

'பொன்னியின் செல்வன்' திரைப்படத்தை எடுத்துக்கொள்ளலாம். மணிரத்னம் இயக்கிய இப்படத்தின் முதல் பாகம் 2022 செப்டம்பர் 30 அன்றும், இரண்டாம் பாகம் 2023 ஏப்ரல் 28 அன்றும் வெளிவந்தன. கல்கி 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் எழுதிய நெடுங்கதை, ஏறத்தாழ ஐந்தரை மணி நேரத்தில் அடங்க வேண்டியிருந்தது. நாவலைப் படித்த பெற்றோர், 'அந்த நிகழ்ச்சியை விட்டுவிட்டார்களே' என்று வருந்தினர். படிக்காத பிள்ளைகளோ, 'யார் யாருக்கு என்ன உறவு?' என்று திகைத்தனர். இந்தத் திகைப்பைச் சொல்லப் பலர் வெட்கப்பட்டனர். உண்மையில் அது மதிப்புள்ள கருத்து. நாவலைப் படிக்காதவருக்கும் புரியவேண்டியது திரைப்படத்தின் கடமை. புரியாவிடில் அந்தக் குறையில் படத்துக்கும் பங்கு உண்டு.

வேறொன்றையும் இப்பிள்ளைகளே சொல்லக்கூடும். வீட்டில் அவர்கள் பேசுவது ஒரு தமிழ். பாடநூலில் காண்பது மற்றொரு தமிழ். எழுத்தில் மட்டும் கண்ட தமிழுக்கு நெருக்கமான நடையில், ஜெயமோகனின் உரையாடல்களில் மனிதர்கள் கோபிப்பதையும் கிண்டல் செய்வதையும் காதலிப்பதையும் அவர்கள் திரையில் கேட்டனர். நாள்தோறும் தமிழின் நடுவே வாழும் சென்னை மாணவனுக்கு இது அத்துணை வியப்பாக இராது. லேக் கார்டன்ஸ் மாணவிக்கு இருக்கும். மேலும், தஞ்சை அரண்மனையில் குந்தவையும் நந்தினியும் எதிரெதிரே நிற்கும் சிறு காட்சியில் உள்ள போர், குதிரைகளும் வாள்களும் நிறைந்த களக்காட்சிகளில் இல்லை. இதை ஒப்பாதவர் இருக்கலாம். ஒப்பாதவர் எந்தக் களக்காட்சி அதனினும் சிறந்தது என்று சுட்டிக்காட்டினால் நல்ல உரையாடல் தொடங்கிவிடும்.

அந்நாவலை எழுதிய கல்கியே கலைத் திறனாய்வில் பெயர் பெற்றவர். ஆனந்த விகடனில் 'கர்நாடகம்' என்னும் புனைபெயரில் இசைக் கச்சேரிகளைப் பற்றி நகைச்சுவையுடன் எழுதினார். இசையின் மீது அவருக்கு இருந்த காதலை எவரும் ஐயுற முடியாது. ஆயினும் பெரிய வித்துவான் என்பதற்காகக் குறையைச் சொல்லாமல் விட்டவர் அல்லர். தமிழ்நாட்டு மேடைகளில் தமிழ்ப் பாடல்களுக்கு உரிய இடம் வேண்டும் என்ற தமிழிசை இயக்கம் 1940-களில் வலுப்பெற்றபோது, அதன் பக்கம் உறுதியாக நின்று வாதாடினார். தமிழுக்காக வாதாடுவதும், தமிழர் பாடியதைத் தேர்ந்து மதிப்பிடுவதும் ஒரே மனிதரிடம் குடியிருக்க முடியும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

அண்மையில் இவ்விரண்டும் ஒன்றோடொன்று குழம்பிய நிகழ்ச்சி, இளையராஜாவின் சிம்பொனி. பெரிய மேலைநாட்டு வாத்தியக் குழுவுக்கென எழுதப்படும் நெடிய இசைப்படைப்பே சிம்பொனி. 'வேலியண்ட்' என்னும் பெயர் கொண்ட அவருடைய படைப்பு, 2025 மார்ச் 8 அன்று இலண்டனில் அரங்கேறியது. பண்ணைப்புரம் என்னும் சிற்றூரில் பிறந்தவர் எண்பது வயதைக் கடந்தபின் இதைச் செய்தார் என்பது பெரும் செய்தி; அதற்கு வாழ்த்துச் சொல்வது முறையே. ஆனால் வாழ்த்துகளில் மிகப் பல, ஒரு சுரம்கூடக் கேட்கப்படுவதற்கு முன்பே குவிந்தன. அவை சாதனைக்கு உரியவை. இசையைப் பற்றிய கருத்து, கேட்டபின்தான் பிறக்க முடியும். எந்த இடத்தில் வயலின்கள் தனித்து ஒலித்தன, எந்த இடத்தில் திரைப்பாடலின் சாயல் தெரிந்தது, எந்த இடத்தில் மனம் வேறெங்கோ சென்றது என்று ஒருவர் சொன்னால், அவர் இசைஞரை அவமதிக்கவில்லை; அமர்ந்து கேட்டிருக்கிறார்.

ஏரிக்கு வடகரைப் பக்கம் சென்றால், இதற்கு இன்னும் நெருங்கிய எடுத்துக்காட்டு கிடைக்கும். இயக்குநர் சத்யஜித் ராய் முதலில் லேக் அவென்யூவிலும் பின்னர் லேக் டெம்பிள் ரோட்டிலுமாகப் பல ஆண்டுகள் வாழ்ந்தார். இயக்குநர் ஆவதற்கு முன் அவர் ஒரு ரசிகர். 1947-இல் அவரும் சிதானந்த தாஸ்குப்தா முதலிய நண்பர்களும் கல்கத்தா திரைப்படச் சங்கத்தைத் தொடங்கினர். உலகப் படங்களைத் திரையிட்டுப் பார்ப்பதும், பார்த்தபின் விவாதிப்பதும் அவர்களுடைய வேலை. 'பதேர் பாஞ்சாலி' 1955-இல் வெளிவந்தது. அதற்கு முன் எத்தனை படங்களை 'ஏன்?' என்று கேட்டுக் கேட்டு அவர் பார்த்திருப்பார் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

அவருடைய ரசனையில் தமிழகத்துக்கும் ஓர் இடம் இருந்தது. வீணை தனம்மாளின் பேத்தியான பாலசரஸ்வதி, 1930-களின் நடுவில் கொல்கத்தாவுக்கு வந்து பரதநாட்டியம் ஆடினார். அந்நாளில் தென்னிந்தியாவுக்கு வெளியே இக்கலையைக் கண்டவர் மிகச் சிலரே. ஆடியவருக்கு வயது பதினேழு அளவில் இருக்கும். பார்த்தவர்களுள் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவன் இருந்தான், அவனே ராய். பாடலின் மொழி அவனுக்குத் தெரியாது. முத்திரைகளின் பொருளை விளக்க அருகில் தமிழ்க் குடும்பம் எதுவும் அமர்ந்திருந்ததாகவும் செய்தி இல்லை. ஆயினும் அவன் கண்டதை மறக்கவில்லை. நாற்பது ஆண்டுகளுக்குப் பின், தமிழ்நாடு அரசும் மும்பையின் தேசிய நிகழ்கலை மையமும் துணைநிற்க, 'பாலா' என்னும் அரைமணி நேர ஆவணப்படத்தை 1976-இல் எடுத்தார். படத்தில் விளக்கவுரை ஆற்றும் குரலும் ராயினுடையதே.

அப்படம் எப்படி இருந்தது? ராயின் மிகச் சிறந்த படங்களின் வரிசையில் அதை வைப்போர் குறைவு. கண்ணனை அழைக்கும் கன்னடப் பாடல் ஒன்றுக்குப் பாலசரஸ்வதி கடற்கரையில் அபிநயம் பிடிக்கிறார். அலைகள் பின்னணியில் ஓயாமல் அசைகின்றன. காற்று சேலையை இழுக்கிறது. குழந்தைக் கண்ணனைக் கெஞ்சும் தாயின் முகத்தைக் காண வேண்டிய கண், அலையையும் சேலையையும் பார்த்துவிட்டுத் திரும்புகிறது. அவருடைய அபிநயம் புருவத்திலும் உதட்டிலும் நிகழ்வது. அதற்குச் சிறிய கூடம் போதும், கடல் வேண்டாம். மேலும் படமெடுத்தபோது அவர் அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். இளமைக் காலத்து ஆட்டம் எதுவும் இப்படத்தில் இல்லை. குறைகள் இவை.

இக்குறைகளோடு சேர்த்தே மற்றொன்றையும் சொல்ல வேண்டும். அந்தப் படம் இல்லையேல், இன்று லேக் கார்டன்ஸில் இருக்கும் ஒரு மாணவி பாலசரஸ்வதியின் புருவம் எப்படி உயர்ந்தது என்பதை அறிய வாய்ப்பு மிகக் குறைவு. 1984-இல் பாலசரஸ்வதி மறைந்தார். காற்று அலைக்கழித்த அந்தச் சேலையோடுதான் அவர் நமக்குக் கிடைத்திருக்கிறார்.

ராயின் காது தமிழகத்தை எவ்வாறு கேட்டது என்பதை 'கூபி காயின் பாகா பாயின்' படத்தில் காணலாம். அவருடைய தாத்தா உபேந்திரகிஷோர் எழுதிய கதை. 1969-இல் வெளிவந்த படம். வங்கத்துப் பிள்ளைகள் அனைவரும் அறிந்த பேய் நடனம் இதில் வருகிறது. அரசர், உழவர், வெள்ளையர், தடித்தவர் என நான்கு வகைப் பேய்கள் ஆறு நிமிட அளவில் ஆடித் தீர்க்கின்றன. அந்நடனத்துக்குப் பாட்டும் இல்லை, வயலினும் இல்லை. தென்னிந்தியத் தாள வாத்தியக் கச்சேரியே பின்னணி: மிருதங்கம், கஞ்சிரா, கடம், மோர்சிங். தேர்வுக்கு ராய் பிற்காலத்தில் காரணமும் கூறினார். மிருதங்கம் செவ்வியல் வாத்தியம், ஆகவே அரசர்களுக்கு; கஞ்சிராவில் நாட்டுப்புறச் சாயல் உண்டு, ஆகவே உழவர்களுக்கு; கடத்தின் ஒலியில் விறைப்பு இருக்கிறது, ஆகவே வெள்ளையர்களுக்கு; மோர்சிங் வேடிக்கையாக ஒலிப்பதால் தடித்த பேய்களுக்கு.

வங்கத் தோழர்கள் சிறு வயது முதல் கேட்டு மகிழும் அந்தத் தாளம் எங்கிருந்து வந்தது என்பது அவர்களுள் பலருக்குத் தெரியாது. தமிழ்ப் பிள்ளைகளுக்கும் தெரிவதில்லை என்பதுதான் வேடிக்கை. தெரிந்துவிட்டால் 'எங்கள் மிருதங்கம்' என்று மார்தட்டத் தோன்றும். தட்டிக்கொள்ளட்டும். அதற்குப்பின் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. கடம் உண்மையிலேயே விறைப்பானதா?

இங்கே ராயோடு வழக்காட இடமுண்டு. விக்கு விநாயகராம் என்று அழைக்கப்படும் தே. ஹ. விநாயகராம் வாசித்த கடத்தை 'சக்தி' குழுவின் 1970-களின் இசைத்தட்டுகளில் கேட்கலாம். ஜான் மெக்லாஃப்லினின் கிதாரும் ஜாகிர் உசேனின் தபலாவும் ஒன்றையொன்று துரத்தும்போது, சுட்ட மண்பானை இடையில் புகுந்து இருவரையும் துரத்துகிறது. அக்குழு பல ஆண்டுகளுக்குப் பின் வெளியிட்ட 'திஸ் மொமென்ட்' என்னும் இசைத்தொகுப்பு 2024 பிப்ரவரியில் கிராமி விருது பெற்றது. அதில் கஞ்சிராவை வாசித்தவர் விநாயகராமின் மகன் செல்வகணேஷ். சங்கர் மகாதேவனின் குரலும் கணேஷ் ராஜகோபாலனின் வயலினும் அதில் உண்டு. மெருகும் நிதானமும் மிக்க தொகுப்பு அது. எனினும் பழைய 'சக்தி'யில் இருந்த, எப்போது எவர் முந்துவார் என்று அறியாத பரபரப்பு இதில் தணிந்திருக்கிறது. விருது கிடைத்தது என்பதற்காக இதைச் சொல்லாமல் விட வேண்டியதில்லை. சொன்னதால் தொகுப்பின் மதிப்பு குறைந்துவிடவும் இல்லை.

கடத்தைப் பற்றிய வழக்கில் ராயின் பக்கமும் நியாயம் இருக்கிறது. பேய் நடனத்தில் தொப்பி அணிந்த வெள்ளையர்கள் மரப்பாவைகளைப் போல நிமிர்ந்து நடக்கையில், மண்பானையின் 'டக் டக்' ஒலி அவர்களுடைய காலணிகளிலிருந்தே எழுவதாகத் தோன்றும். ஆனால் விநாயகராம் பானையின் வாயை வயிற்றோடு அழுத்தி மெல்ல விலக்கும்போது 'கும்' என்று ஓர் ஆழ்ந்த நாதம் எழுகிறது. விரல்கள் கழுத்துக்கும் வயிற்றுப் பகுதிக்கும் இடையே ஓடுகின்றன. உற்சாகம் மிகும்போது அவர் பானையையே மேலே எறிந்து, தாளம் தவறாமல் பிடித்து, மீண்டும் வாசிக்கிறார். அங்கே கடம் விறைத்து நிற்பதே இல்லை.