பதினொருவரில் ஓரிடம்

விக்கெட் விழுந்த மறுகணம் பந்துவீச்சாளரும் விக்கெட் கீப்பரும் ஓடிவந்து, கையை உயர்த்தி, உள்ளங்கையோடு உள்ளங்கை அறைந்துகொள்வது சேப்பாக்கம் முதல் தெருமுனை வரை நாள்தோறும் காணக் கிடைப்பது. இந்த வழக்கம் பிறந்த இடமாகப் பரவலாகச் சொல்லப்படுவது ஒரு பேஸ்பால் ஆட்டம். 1977 அக்டோபர் 2 அன்று, லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர் மைதானத்தில், டஸ்டி பேக்கர் அந்தப் பருவத்தின் தன் முப்பதாவது ஹோம் ரன்னை அடித்துவிட்டுத் திரும்பினார். அடுத்து ஆடக் காத்திருந்த கிளென் பர்க் என்ற இளைஞர் கையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றார். பேக்கர் அந்தக் கையில் ஓங்கி அறைந்தார்.

பர்க் தன்பாலீர்ப்பாளர். சக வீரர்கள் பலருக்கு அது தெரிந்தோ புரிந்தோ இருந்தது. பேருந்திலும் உடைமாற்றும் அறையிலும் அணிக்கு உயிரூட்டியவர் அவர்தான் என்று அவர்கள் பின்னாளில் நினைவுகூர்ந்தார்கள். நிர்வாகத்துக்கோ அவர் உறுத்தலாக இருந்தார். கல்யாணம் செய்துகொண்டால் தேனிலவுச் செலவை அணியே ஏற்கும் என்று பொது மேலாளர் சொன்னதாகவும், பெண்ணைத்தானே சொல்கிறீர்கள் என்று தான் திருப்பிக் கேட்டதாகவும் பர்க் பதிவு செய்திருக்கிறார். 1978-இல் அவரை ஓக்லண்ட் அணிக்கு மாற்றினார்கள். அங்கே மேலாளராக வந்த பில்லி மார்ட்டின் மற்ற வீரர்கள் முன்னிலையில் அவரை இழிசொல்லால் சுட்டியதற்கு உடனிருந்தவர்களே சாட்சி. 27 வயதில் பர்க்கின் ஆட்டம் முடிந்தது. 1982-இல் பத்திரிகையில் தன்னைப் பற்றி வெளிப்படையாகப் பேசினார். 1995-இல் எய்ட்ஸ் நோயால் இறந்தார். டாட்ஜர்ஸ் அணி அவரைத் தன் மைதானத்தில் கௌரவித்தது 2022-இல்.

தன்பாலீர்ப்புள்ள ஆட்டக்காரர்கள் ஏன் வெளியே சொல்வதில்லை என்று கேட்டால், பதில் தயாராக வரும். ரசிகர்கள் கூச்சலிடுவார்கள், உடைமாற்றும் அறை ஏற்காது. இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் கடந்த ஐம்பது ஆண்டு வரலாற்றைப் புரட்டினால் அச்சத்தின் வேர் வேறிடத்தில் ஓடுவது தெரிகிறது.

டென்னிஸ் வீராங்கனை மார்ட்டினா நவ்ரதிலோவா 1981-இல் தன் பாலீர்ப்பை வெளிப்படையாகச் சொன்னார். விளம்பர வருமானத்தை இழந்தார். ஆனால் அவர் வென்ற 18 கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் பட்டங்களில் 16 அதற்குப் பிறகு வந்தவை. ஒடிசாவின் ஓட்ட வீராங்கனை டுட்டி சந்த் 2019 மே மாதம் தான் ஒரு பெண்ணை நேசிப்பதாக அறிவித்தார். சொந்த வீட்டிலேயே எதிர்ப்பு கிளம்பியது. அடுத்த இரண்டே மாதங்களில் நேப்பிள்ஸில் நடந்த உலகப் பல்கலைக்கழக விளையாட்டுப் போட்டியில் 100 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றார். டென்னிஸில் புள்ளிக் கணக்கு இடத்தைத் தருகிறது, ஓட்டத்தில் கடிகாரம் தருகிறது. அணி விளையாட்டில் இடத்தைத் தருவது இன்னொரு மனிதர். பதினொருவர் பட்டியலை எழுதும் பேனா பயிற்சியாளரின், தேர்வாளரின், உரிமையாளரின் கையில் இருக்கிறது. ‘ஃபார்மில் இல்லை’, ‘அணிக்கு ஒத்துவரமாட்டார்’, ‘கவனம் சிதறும்’ என்று எதைச் சொல்லியும் ஒரு பெயரை அடித்துவிடலாம். உண்மையான காரணம் வேறு என்று யாராலும் நிரூபிக்க முடியாது.

கால்பந்து வீரர் ஜஸ்டின் ஃபஷானுவின் கதை இதற்குக் கொடிய சான்று. 1980 பிப்ரவரியில் நார்விச் அணிக்காக லிவர்பூலுக்கு எதிராக அவர் அடித்த கோலைப் பருவத்தின் சிறந்த கோலாக பிபிசி தேர்ந்தெடுத்தது. அடுத்த ஆண்டு நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் அணி 10 லட்சம் பவுண்டு கொடுத்து அவரை வாங்கியது. அந்த விலை பெற்ற முதல் கறுப்பின பிரிட்டிஷ் வீரர் அவர். அணியின் மேலாளர் பிரையன் கிளஃப், அவர் தன்பாலீர்ப்பாளர்களின் மது விடுதிகளுக்குப் போகிறார் என்று கேள்விப்பட்டுக் கூப்பிட்டு அவமானப்படுத்தினார், பயிற்சியிலிருந்து விலக்கிவைத்தார். அவமானப்படுத்தியதைத் தன் சுயசரிதையில் கிளஃப் தானே எழுதியிருக்கிறார். ஃபாரஸ்ட்டுக்காக 32 லீக் ஆட்டங்களில் ஃபஷானு அடித்தது 3 கோல். திறமை ஒரே ஆண்டில் ஆவியாகிவிடுவதில்லை.

1990 அக்டோபரில் ‘தி சன்’ நாளிதழ் வழியாக ஃபஷானு தன்னை அறிவித்தார். கால்பந்து வீரரான சொந்தத் தம்பியே அவரைப் பகிரங்கமாகக் கைவிட்டார். அதன் பிறகு அவர் ஊர் ஊராக, அணி அணியாக அலைந்தார். 1998-இல் அமெரிக்காவில் 17 வயது இளைஞர் ஒருவர் அவர்மீது பாலியல் வன்முறைப் புகார் கொடுத்தார். அதை மறுத்துக் குறிப்பு எழுதிவைத்துவிட்டு, அந்த மே மாதம் லண்டனில் அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். 37 வயது. அவருக்குப் பின் பிரிட்டனில் களத்தில் இருக்கும் இன்னொரு தொழில்முறை ஆண் கால்பந்து வீரர் வெளியே சொல்ல 2022 மே மாதம் ஆயிற்று. ஒரு தலைமுறை முழுக்க ஃபஷானுவின் முடிவைப் பார்த்து வாயை மூடிக்கொண்டது.

அமெரிக்காவில் 2013, 2014 ஆண்டுகள் இதே பாடத்தை வேறு விதமாகச் சொல்லின. கூடைப்பந்தில் 12 பருவங்கள் ஆடியிருந்த ஜேசன் காலின்ஸ் 2013 ஏப்ரலில் ஓர் இதழ்க் கட்டுரையில் தன்னை அறிவித்தார். அதிபரே தொலைபேசியில் அழைத்துப் பாராட்டினார். ஆனால் ஒப்பந்தம் கொடுக்க அடுத்த பிப்ரவரி வரை எந்த அணியும் முன்வரவில்லை. கடைசியில் புரூக்ளின் நெட்ஸ் அணி பத்து நாள் ஒப்பந்தத்தில் எடுத்தது. 1998-இல் தன்பாலீர்ப்பு வெறுப்புக்குப் பலியான மாணவர் மேத்யூ ஷெப்பர்டின் நினைவாக 98 என்ற எண்ணை அணிந்து ஆடினார் காலின்ஸ். அந்த எண் பொறித்த சட்டைகள் கடைகளில் பறந்தன. ரசிகர்கள் தயாராகத்தான் இருந்தார்கள்.

மைக்கேல் சாம் கதை இன்னும் தெளிவானது. மிசோரி பல்கலைக்கழக அமெரிக்கக் கால்பந்து அணியில் ஆடிய அவர், 2013 ஆகஸ்டில், பருவம் தொடங்குமுன், சக வீரர்களிடம் உண்மையைச் சொன்னார். பருவம் முடியும்வரை அந்தப் பேச்சு அவர்களைத் தாண்டி ஊடகங்களுக்குப் போகவில்லை. அணி 14 ஆட்டங்களில் 12-ஐ வென்றது. சாம் தன் பிராந்தியத்தின் ஆண்டுச் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதைப் பகிர்ந்துகொண்டார். இருபது வயதுப் பையன்கள் நிறைந்த ஓர் உடைமாற்றும் அறை செய்துகாட்டியது இது. 2014 பிப்ரவரியில் அவர் உலகுக்கு அறிவித்தார். மே மாதம் நடந்த தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லின் வீரர் தேர்வில் 256 பேர் எடுக்கப்பட்டார்கள். சாமின் பெயர் 249-ஆவதாக வந்தது. உடற்திறன் சோதனைகளில் அவர் சோபிக்கவில்லை என்பதும் உண்மை. ஆனால் புகழ்பெற்ற முன்னாள் பயிற்சியாளர் டோனி டஞ்சி, தானாக இருந்தால் சாமை எடுத்திருக்க மாட்டேன், கூடவே வரும் சிக்கல்களைச் சமாளிக்க விரும்பவில்லை என்று வெளிப்படையாகவே சொன்னார். மற்றவர்கள் சொல்லாமல் செய்ததை அவர் சொல்லிவிட்டார். என்எஃப்எல்லில் சாம் ஒரு பருவ ஆட்டம்கூட ஆடவில்லை.

மறைப்பதற்குச் செலவாகும் சக்தியை மறைத்தவர்கள் மட்டுமே அறிவார்கள். 2022-இல் தன்னை அறிவித்த பிளாக்பூல் வீரர் ஜேக் டேனியல்ஸுக்கு அப்போது 17 வயது. முதலில் அம்மாவிடமும் சகோதரியிடமும் சொன்னார். அதற்கு அடுத்த நாள் இளையோர் அணிக்காக இறங்கி நான்கு கோல் அடித்தார். நெஞ்சிலிருந்து எவ்வளவு பாரம் இறங்கியது என்பதற்கு அதுவே அளவு என்றார்.

கிரிக்கெட்டிலும் சான்று இருக்கிறது. இங்கிலாந்து விக்கெட் கீப்பர் ஸ்டீவன் டேவிஸ் 2011 பிப்ரவரியில் தன்னை அறிவித்தபோது, அவர் அணியினருக்கு அது புதுச் செய்தியல்ல. ஆஷஸ் தொடருக்குப் புறப்படுமுன்பே அவர்களுக்குத் தெரியும். யாரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை. அவருக்குத் துணிச்சல் தந்தது, 2009-இல் தன்னை அறிவித்த வேல்ஸ் ரக்பி வீரர் கேரத் தாமஸின் கதை. 2019-இல் செயின்ட் லூசியா டெஸ்டில் மேற்கிந்தியப் பந்துவீச்சாளர் ஷானன் கேப்ரியலிடம் இங்கிலாந்துத் தலைவர் ஜோ ரூட், தன்பாலீர்ப்பை வசையாகப் பயன்படுத்தாதீர்கள், அப்படி இருப்பதில் தவறேதும் இல்லை என்று சொன்னது ஸ்டம்ப் ஒலிவாங்கியில் கேட்டது. தனிநபரை இழிவுபடுத்தும் பேச்சுக்கான விதியின் கீழ் கேப்ரியலுக்கு நான்கு ஒருநாள் ஆட்டங்களில் ஆடத் தடை வந்தது.

பொறுப்பில் இருப்பவர்கள் நினைத்தால் என்ன செய்யலாம் என்பதை 2020 செப்டம்பர் 30 அன்று ஒரு சிறிய அணி காட்டியது. அமெரிக்காவின் இரண்டாம் நிலைக் கால்பந்து லீக்கில் சான் டியேகோ லாயல் என்ற புதிய அணி. பருவத்தின் கடைசி ஆட்டம். வென்றால் பிளே-ஆஃப் வாய்ப்பு நிலைக்கும். முதல் பாதி முடிவில் 3-1 என்று முன்னிலை. அந்த அணியின் காலின் மார்ட்டின் தன்பாலீர்ப்பாளர் என்பது 2018 முதல் எல்லோருக்கும் தெரியும். எதிரணி வீரர் ஒருவர் அவரை இழிசொல்லால் திட்டியதாகப் புகார் எழுந்தது. லாயல் பயிற்சியாளர் லாண்டன் டோனவன் நடுவரிடமும் எதிரணிப் பயிற்சியாளரிடமும் முறையிட்டார். எவ்வளவு காலமாகக் கால்பந்து ஆடுகிறாய் என்று எதிரணிப் பயிற்சியாளர் அவரிடம் கேட்டது ஒலிபரப்பில் பதிவானது. இதெல்லாம் சகஜம் என்பதுதான் அந்தக் கேள்வியின் பொருள். இரண்டாம் பாதி தொடங்கியதும் லாயல் வீரர்கள் முழங்காலிட்டார்கள், பிறகு ஒட்டுமொத்தமாக வெளியேறினார்கள். ஆட்டம் போயிற்று, பருவமும் போயிற்று. குற்றச்சாட்டை மறுத்த அந்த எதிரணி வீரருக்கு லீக் ஆறு ஆட்டத் தடை விதித்தது.

இதோடு 2022 கத்தார் உலகக் கோப்பையை வைத்துப் பார்க்க வேண்டும். இங்கிலாந்து, ஜெர்மனி உட்பட ஏழு ஐரோப்பிய நாடுகளின் அணித் தலைவர்கள் பாகுபாட்டை எதிர்க்கும் ‘ஒன் லவ்’ கைப்பட்டையை அணிவதாக இருந்தது. மஞ்சள் அட்டை காட்டப்படலாம் என்று ஃபிஃபா எச்சரித்ததும் ஏழு சங்கங்களும் பின்வாங்கின. இரண்டாம் நிலை லீக் அணி ஒன்று முழுப் பருவத்தையும் விட்டுக்கொடுத்தது. உலகின் பணக்காரச் சங்கங்களால் ஒரு மஞ்சள் அட்டையைத் தாங்க முடியவில்லை. ஆதரவின் அடையாளமாக வானவில் நிறக் காலணிக் கயிறு வாங்கிக் கொடுப்பது எளிது. விலை கொடுக்க வேண்டிய நாளில்தான் ஒரு வீரர் தன் நிர்வாகத்தை அளக்கிறார்.

பெண்கள் விளையாட்டில் நிலைமை வேறு. தென்னாப்பிரிக்க கிரிக்கெட் அணியின் டேன் வான் நீகெர்க்கும் மரிசான் காப்பும் 2018-இல் மணந்தபோது நீகெர்க்தான் அணித் தலைவர். 2022-இல் சக இங்கிலாந்து வீராங்கனை கேத்ரின் பிரன்ட்டை மணந்த நாட் சிவர்-பிரன்ட், 2023-இல் மும்பையில் நடந்த முதல் மகளிர் பிரீமியர் லீக் இறுதியாட்டத்தில் ஆட்டமிழக்காமல் 60 ரன் எடுத்து மும்பை இந்தியன்ஸுக்குக் கோப்பையைப் பெற்றுத் தந்தார். மைதானம் கொண்டாடியது. பெண்கள் அணிகளில் தலைவர்களும் பயிற்சியாளர்களும் தாங்களே வெளிப்படையாக வாழ்கிறார்கள். இடம் கொடுக்கும் கை அங்கே பகைக் கையாக இல்லை. எங்கும் அப்படி என்று சொல்லிவிடவும் முடியாது. நைஜீரியப் பெண்கள் கால்பந்து அணியின் பயிற்சியாளர் ஒருவர், தன் அணியில் தன்பாலீர்ப்பைப் பிரார்த்தனையால் ஒழித்ததாக 2011-இல் பெருமை பேசினார். தென்னாப்பிரிக்க தேசிய அணிக்கு ஆடிய யூடி சிமெலேன் தன் ஊரான குவாதேமாவில் ஒளிக்காமல் வாழ்ந்தவர். 2008 ஏப்ரலில் அதே ஊரில் கும்பலொன்று அவரை வன்புணர்ந்து கொன்றது.

அந்தரங்கத்தை ஏன் அறிவிக்க வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. ஐபிஎல் ஆட்டத்தில் ஒருவர் சதமடித்ததும் கேமரா அவர் மனைவியைத் தேடுகிறது. வீரர்களின் திருமணப் படங்கள் முதல் பக்கத்தில் வருகின்றன. ஒருவருக்குக் கொண்டாட்டமாக இருப்பது இன்னொருவருக்கு மட்டும் அந்தரங்கம் ஆகிவிடுகிறது. பேட்டிதோறும் பொய் சொல்லிக்கொண்டே இருப்பவரைப் பார்த்து இந்தக் கேள்வியைக் கேட்பது கொடுமை.

வீரர்களைத் துணிந்து முன்வரச் சொல்வதும் தீர்வல்ல என்று ஜெர்மனி காட்டிவிட்டது. முன்னாள் வீரர் மார்கஸ் உர்பான், 2024 மே 17 அன்று தொழில்முறைக் கால்பந்து வீரர்கள் ஒன்றாக வெளியே வரட்டும் என்று மேடை அமைத்தார். ஊடகங்கள் காத்திருந்தன. களத்தில் இருக்கும் புண்டஸ்லிகா வீரர் ஒருவரும் வரவில்லை. அவர்களைக் கோழைகள் என்பது அநியாயம். அவர்கள் ஒப்பந்தத்தைப் பற்றி யோசித்தார்கள்.

இந்திய ஆண்கள் கிரிக்கெட் அணிக்கு ஆடிய எவரும் இதுவரை தம்மைத் தன்பாலீர்ப்பாளர் என்று அறிவித்ததில்லை. 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் தன்பாலுறவைக் குற்றமாக்கிய 377-ஆவது பிரிவின் பிடியைத் தளர்த்திய பிறகும் இதுதான் நிலை. யார் அவர் என்று கிசுகிசுப்பது இழிவு, அதை உடனே நிறுத்த வேண்டும். கேள்விகள் கிரிக்கெட் வாரியத்துக்கும் ஐபிஎல் உரிமையாளர்களுக்கும் உரியவை. பாலீர்ப்பின் பேரில் ஒருவரை நீக்க முடியாது என்று வீரரின் ஒப்பந்தம் சொல்கிறதா? பயிற்சியாளர் இழிவாகப் பேசினால் யாரிடம் முறையிடுவது, யார் விசாரிப்பது? கூட்டம் வசைபாடினால் ஆட்டத்தை நிறுத்த நடுவருக்கு அதிகாரம் உண்டா? 2019 ஆகஸ்டில் பிரான்ஸின் நான்சி நகரில் நடுவர் மெஹ்தி மொக்தாரி அப்படி ஆட்டத்தை நிறுத்தினார், கூட்டம் அடங்கியது. பதில்கள் எழுத்தில் வர வேண்டும். வந்ததும் முதலில் போய்ச் சேர வேண்டிய இடம் மாவட்ட அளவில் நடக்கும் 16 வயதுக்குட்பட்டோர் தேர்வு முகாம்கள். ஒரு பையன் அந்த வசைச்சொல்லைப் பயிற்சியாளரின் வாயிலிருந்து முதன்முதலாகக் கேட்பதும், தன் பெயர் பட்டியலில் வருமா என்று கணக்குப் போடத் தொடங்குவதும் அங்கேதான்.