மலைக்கோயில் மேலிருந்து ஒரு சண்டை

ஓசூர்க்காரர்களுக்குச் சந்திரசூடேஸ்வரர் மலையை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. சின்ன மலைதான். ஊரே மூவாயிரம் அடி உயரத்தை ஒட்டிய மேட்டுநிலத்தில் இருப்பதால் மேலே போனால் காற்றும் உண்டு, காட்சியும் உண்டு. மரகதாம்பிகையைக் கும்பிட்டுவிட்டு வருகிறவர்கள் இப்போது ராமநாயக்கன் ஏரியை செல்போனில் படம் பிடித்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். என் சண்டை அந்தப் படத்தோடுதான்.

ஏரி என்றால் நமக்கு நடைபாதை, பெஞ்சு, படகு, கலர் விளக்கு என்று ஆகிவிட்டது. கரையில் நின்று பார்த்தால் அப்படித்தான் தோன்றும். மேலிருந்து பாருங்கள் ஐயா! தண்ணீர் எங்கிருந்து வரும், நிரம்பினால் எங்கே போகும்? நம் பக்கத்து ஏரிகள் சங்கிலி மாதிரி. மேல் ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தால்தான் கீழ் ஏரிக்குத் தண்ணீர். எழுபதுகளில் சிப்காட் வந்த பிறகு ஊர் வளர்ந்தது. வேண்டாம் என்று யார் சொன்னது? நானும் அந்தச் சோற்றைத் தின்றவன்தான். ஆனால் வரத்துக் கால்வாயின் மேல் வீட்டு மனை போட்டுவிட்டு ஏரிக்கரைக்கு டைல்ஸ் ஒட்டுவது, தொண்டையை நெரித்துவிட்டு முகத்துக்குப் பவுடர் போடுகிற வேலை.

இதைச் சொன்னால், "எல்லாம் பெங்களூர்க்காரன் செய்கிற அநியாயம் சார்" என்பார்கள். பாதி உண்மை. பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் சாக்கடை தென்பெண்ணையில் கலந்து, மழைக்காலத்தில் கெலவரப்பள்ளி அணையில் நுரையாகப் பொங்குவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். 2017-இல் பெல்லந்தூர் ஏரி தீப்பிடித்தே எரிந்தது. அந்த ஏரிகளைச் சுற்றியும் அடுக்குமாடிகள், ஏரி பார்த்த பால்கனிகள்! அங்கே நடந்ததை நாம் இங்கே செய்துகொண்டிருந்தால் எந்த வாயால் அவர்களைக் கேட்பது? நம் தெருச் சாக்கடை எந்த ஏரியில் விழுகிறது என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

புதுச் சட்டம் ஒன்றும் தேவையில்லை. ஏரி எல்லையை அளந்து குறி, ஆக்கிரமிப்பை எடு என்று 2007-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்தாயிற்று. ஏரிக்குப் பணம் ஒதுக்குகிறவர்கள் முதல் ரூபாயை விளக்குக்கம்பத்துக்குச் செலவழிக்காமல், பழைய கிராம வரைபடத்தோடு ஒரு சர்வேயரை அனுப்பட்டும். கால்வாய் எங்கே தொடங்கி எங்கே மறைகிறது என்று அவர் கல் நட்டுவிட்டு வரட்டும். பெஞ்சு போடுவதைப் பற்றி அதற்குப் பிறகு பேசிக்கொள்ளலாம். ஓய்வு பெற்ற நாங்கள் அதுவரை கோயில் படியிலேயே உட்கார்ந்துகொள்கிறோம்.