கானுயிர்ப் படமும் கறுப்பு வெள்ளையும்

சென்ற ஆண்டு நமது கல்லூரி விழாவில் வைக்கப்பெற்ற நிழற்படங்களுள் யான் எடுத்த கூழைக்கடாப் படமொன்றும் இருந்தது. கண்டோர் பலர் நன்றென்றனர். "எந்தக் காட்டில் எடுத்தாய், தம்பி?" என வினவினார் ஒரு முதியவர். யான் விடை கூறாது நகைத்து நின்றேன். அந்நகை இன்றும் என் நெஞ்சை உறுத்துகின்றது.

அப்பறவை காட்டிலே இருந்ததன்று. திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்தில், ஒரு வீட்டுக் கொல்லையின் மரத்தில் அது கூடு கட்டியிருந்தது. கூட்டின் கீழே ஓட்டுக்கூரை. அதனருகே கொடியில் உலரும் சேலை. ஒரு நீலநிறப் பிளாஸ்டிக் குடம். அவற்றையெல்லாம் வெட்டி நீக்கிப் பறவையின் தலையும் அலகுமே சட்டகம் நிரம்பத் தோன்றுமாறு செய்தேன். ஆனால் அவ்வூரின் சிறப்பு முழுவதும் யான் வெட்டியெறிந்த பகுதியிலன்றோ இருந்தது! மாந்தர் நடமாடும் இடத்தின் மேலேயே பறவைகள் அச்சமின்றிக் குஞ்சு பொரிக்கின்றன. எச்சத்தின் நாற்றத்தைப் பொறுத்து ஊரார் அவற்றைக் காத்து வருகின்றனர். இல்லாததொன்றை யான் படத்திற் சேர்த்திலேன். எனினும் படம் பொய் கூறிற்று.

ஏன் வெட்டினேன் எனின், அக்குடத்தின் நீலம் கண்ணை இழுத்தது, அவ்வளவே. விடுமுறையில் அதே படத்தை வெட்டாது எடுத்து, கணிப்பொறியிற் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்த்தேன். நீலக்குடம் சாம்பல் நிறமெய்திக் கூரையின் நிழலோடு அடங்கிவிட்டது. கரிய இலைத்திரளின் முன்னே பறவையின் வெளிறிய மார்பு மட்டும் ஒளிர்ந்தது. பழமையின் மணம் வேண்டியே கறுப்பு வெள்ளையை நாடுகின்றனர் என்பார் கூற்றை யான் அன்றுமுதல் ஒப்புவதில்லை. நிறத்தை விட்டமையால் அன்றோ வீட்டை விடாதிருக்க முடிந்தது?

இவ்வுதவியை அது விலையின்றித் தருவதில்லை. புள்ளிமானின் செம்பழுப்பும் இலையின் பசுமையும் சாம்பல் நிறத்தில் ஏறக்குறைய ஒன்றாகிவிடும். மான் புதரில் கரைந்துபோம். ஆதலின் படமெடுப்போன் தாழக் குனிந்து அதன் தலை வானத்திற்கு எதிரே வரும்படி அமைத்தல் வேண்டும். அன்றி அது ஓர் இருண்ட நிழலின் முன் வந்து நிற்குமளவும் காத்திருத்தல் வேண்டும். உச்சிவெயில் இதற்கு ஆகாது. முதுகு கருத்தும் வயிறு வெளுத்தும் இருத்தலால், மேலிருந்து விழும் ஒளி உடலின் திரட்சியை மறைத்து, வெட்டிய அட்டைபோற் காட்டும். காலைச் சாய்வெயிலோ அதன் விலாவையும் கழுத்தையும் உருட்சியுடன் காட்டும்.

வண்ணப்படங்களில் புலி தீப்பந்தம்போல் நிற்பதைக் கண்டு, இதனையும் மான்கள் காணாவோ எனச் சிறுவயதில் யான் வியந்ததுண்டு. மானின் கண் செம்மஞ்சளையும் பசுமையையும் வேறுபடுத்தி அறியாதென்பதைப் பின்னரே கற்றேன். எனவே புல்லிடைப் புலியைக் கறுப்பு வெள்ளையிற் காணுங்கால் மானின் இடர் ஒருவாறு நமக்கும் புலனாகின்றது. எப். டபிள்யூ. சாம்பியன் என்னும் வன அதிகாரி, வழியிற் கட்டிய கம்பியைப் புலியே மிதித்துத் தன்னைப் படமெடுத்துக்கொள்ளும்படி செய்து, அப்படங்களை 1927ஆம் ஆண்டில் நூலாக்கினார். கம்பியை எங்கே கட்டுவது, காமிராவை எவ்வுயரத்தில் வைப்பது என்பன முன்னரே துணியப்பட்டன. படத்தின் அமைப்பு, புலி வருமுன்னரே முடிந்த செயலாயிற்று.

நம்மவருள் இத்துறைக்கு மா. கிருஷ்ணன் ஒருவர் போதும். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய மாதவையாவின் மைந்தராய் 1912இல் திருநெல்வேலியிற் பிறந்து 1996இல் மறைந்த இவர், வண்ணச்சுருள் எளிதிற் கிடைத்த காலத்தும் கறுப்பு வெள்ளையையே பெரிதும் விரும்பினார். வெவ்வேறு கருவிகளின் உறுப்புகளைக் கூட்டித் தாமே அமைத்த காமிராவுக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயரிட்டார் (பெயரிலேயே அதன் பளு தோன்றுகிறது!). அவருடைய படங்கள் பலவற்றில் யானை தன் மூங்கிலோடும் புல்லோடும் நிற்கின்றது. யான் நாடிய பெரிய தலைகளைவிட அவை என்னை நெடுநேரம் நிறுத்துகின்றன.

விலங்கியல் பயிலும் என் நண்பர் இதனை மறுப்பர். மீன்கொத்தியையும் தேன்சிட்டையும் சாம்பலாக்கிக் காட்டுதல் யாருக்குப் பயன் என்பது அவர் வினா. அவர் கூறுவது மெய். நிறமே அடையாளமாகிய உயிர்களை யானும் வண்ணத்திலேயே எடுப்பேன். ஆயினும் கூழைக்கடாவுக்கு அத்தடை இல்லை.

வெட்டாத அம்முழுப்படத்தை இவ்விதழாசிரியரிடம் கொடுத்துள்ளேன். இடம் போதாதெனின் அளவைச் சுருக்கி வெளியிடலாம். கூரையை மட்டும் வெட்டற்க என வேண்டிக்கொள்கிறேன்.